பால் வெட்டும் பிரசங்கமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாறசாலைக்குப் பக்கம், எல்லையில் கேரளத்துப் பகுதியில் இருக்கிறேன். காலையில் ரப்பர் வெட்டு. கொஞ்சம் மரம் சொந்தம், மிச்சம் குத்தகை. எங்கள் சபையில் முதல் ஆராதனை தமிழ், அடுத்தது மலையாளம். போன மாதம் போதகர் ஐயா பிரசங்கத்தில், "தன்னை வெட்டுகிறவனுக்கே பால் தருகிறது ரப்பர் மரம், நம் ஆண்டவரும் அப்படித்தான்" என்றார். சபை முழுக்க ஆமென் சொன்னது. எனக்கு மட்டும் வாய் வரவில்லை. தினமும் வெட்டுகிறவன் நான். மரம் தருவதில்லை, நாம்தான் எடுக்கிறோம். இதை வீட்டில் சொன்னதற்கு அம்மா, "உனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்று விட்டார்கள்.

இன்னொன்று. வாலிபர் கூட்டத்தில் வாராவாரம் 'அன்றாட வாழ்வில் ஒரு ஆவிக்குரிய பாடம்' என்று ஐந்து நிமிடம் பேச என்னைப் போட்டிருக்கிறார்கள். செல்போன் சார்ஜர், சிம் கார்டு, பிரஷர் குக்கர், பைக் பிரேக் எல்லாம் முடிந்துவிட்டது. இனி எதைப் பேச? உண்மையில் இப்படித் தேடித் தேடிப் பாடம் கண்டுபிடிப்பது சரிதானா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

மர விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. விசுவாசம் குறைந்ததால் வந்த சந்தேகம் இல்லை இது, கைப்பழக்கத்தால் வந்தது. பட்டையில் காயம் பட்டால் அடைப்பதற்கும், துளைக்க வரும் பூச்சியை மடக்குவதற்கும் மரம் வைத்திருக்கும் ஏற்பாடுதான் அந்தப் பால். வெட்டின சில மணி நேரத்தில் ஒழுக்கு தானாக நின்றுவிடுகிறது. வெட்டுவாயில் ஒட்டுப்பாலாகக் காய்ந்து கிடக்கிறது. அடுத்த வெட்டுக்கு வரும்போது நீங்கள் முதலில் செய்வது அதை உரித்து எடுப்பது. அதாவது, மரம் மூடி வைத்ததை நீங்கள் திறக்கிறீர்கள். இதைப் போய் மனமுவந்த தியாகம் என்றால், வெட்டுகிறவனுக்கு எப்படி ஆமென் வரும்?

போதகரையும் குறை சொல்லிவிட முடியாது. இது பழைய வியாதி. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் கூழைக்கடாவைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அது தன் அலகால் நெஞ்சைக் கிழித்து, குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள், அதைக் கிறிஸ்துவுக்கு அடையாளமாக்கினார்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். எந்தக் கூழைக்கடாவும் அப்படிச் செய்வதில்லை, விழுங்கிக் கொண்டுவந்த மீனைக் கக்கித்தான் குஞ்சுக்குக் கொடுக்கிறது. பாடம் முதலிலேயே தயாராக இருந்தது. அதற்குப் பொருத்தமாக ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்கள் சார்ஜரும் சிம் கார்டும் இதே கதைதான். 'ஜெபம் ஒரு சார்ஜர்' என்கிறோம். சார்ஜரை எடுத்துவிட்டு அங்கே பெட்ரோல் பங்க் என்று போடுங்கள், காலைக் கஞ்சி என்று போடுங்கள். பாடம் ஓர் அங்குலம்கூட நகராது. அப்படியென்றால் சார்ஜரை யாரும் பார்க்கவே இல்லை. ஐந்து நிமிடம் ஓட்டுவதற்கு அது உதவும், சிறுபிள்ளைகளுக்கு ஞாபகம் நிற்கும், பெரிய பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு யாராவது வீட்டில் போய் ஒரு காரியத்தை மாற்றிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இயேசு சொன்ன உவமைகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் சங்கடம் இருக்கிறது. ஒரு பெண் புளித்தமாவை மூன்று படி மாவில் அடக்கி வைக்கிறாள். அந்தக் காலத்து அளவில் அது நூறு பேருக்கு மேல் அப்பம் சுடுகிற மாவு. ஒரு வீட்டுக்காரி எதற்கு இவ்வளவு பிசைகிறாள்? பஸ்கா பண்டிகைக்கு வீட்டில் புளித்தது ஒரு துளிகூட இருக்கக்கூடாது என்று துடைத்து எடுக்கிற ஜனம் அது. 'பரிசேயரின் புளித்தமாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள்' என்று அவரே வேறிடத்தில் சொல்கிறார். அந்த மாவைப் போய் பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பிடுகிறார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள்.

திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதை இன்னும் மோசம். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரு பணம். அதிலும், கடைசியில் வந்தவனுக்கு முதலில் கொடு என்று எஜமான் காரியக்காரனிடம் சொல்கிறான். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் பிரச்சினையே இல்லை, அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. வேண்டுமென்றே அவர்கள் கண் முன்னால் வைத்துக் கொடுக்கிறான். கூலிக்கு ஆள் வைத்தவர்களுக்கும், கூலிக்குப் போனவர்களுக்கும் இது எங்கே குத்தும் என்று தெரியும். உங்கள் பக்கத்து ஜங்ஷன்களில் காலையில் வேலைக்காக நிற்கிற வங்காளத்து, அசாம் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது மணிக்கு மேலும் அங்கேயே நிற்கிறவன் சோம்பேறி இல்லை. அவனை யாரும் கூப்பிடவில்லை. உவமையிலும் அவர்கள் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கதையை வாலிபர் கூட்டத்தில் வைத்துவிட்டு, 'நாம் கொடுக்கிற கூலி என்ன, ஊர்க்காரனுக்கும் அவர்களுக்கும் ஒன்றா?' என்று மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதாது.

சரி, உங்கள் கத்திக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கடிதத்தில் ஆசை தட்டியது அங்கேதான்.

ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசியுங்கள். அதில் பிரசங்கம் செய்ய யாரும் அதிகம் எடுப்பதில்லை. ஓர் உழவன் வருகிறான். அவன் நாள் முழுக்க உழுதுகொண்டே இருப்பானா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். நிலத்தைச் சமன்படுத்தியதும் உளுந்தைத் தெளிக்கிறான், சீரகத்தை விதைக்கிறான், கோதுமையை அதற்கான இடத்தில் போடுகிறான். அறுத்த பிறகு உளுந்தைக் கோலால் அடிக்கிறான், சீரகத்தைச் சிறு குச்சியால். அதன்மேல் வண்டிச் சக்கரத்தை ஏற்றுவதில்லை. அப்பத்துக்கான தானியத்தைக்கூட ஓயாமல் மிதித்துக்கொண்டே இருப்பதில்லை. இந்தப் பக்குவத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவனுடைய தேவன் என்கிறது வசனம். வேலையை வைத்து வேறொரு பாடம் சொல்லவில்லை பாருங்கள். எதை எவ்வளவு அடிப்பது என்கிற அந்தக் கைவாகே தேவன் கற்றுக்கொடுத்ததுதான்.

உங்கள் தொழிலில் இதற்கு நேரான இடம் எதுவென்று உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பால் ஓடுகிற குழல்கள் பட்டையின் உட்பக்கத்தில்தான் நெருக்கம். அவை நேராக நிற்காமல் லேசாகச் சாய்ந்து ஏறுவதால், இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்திச் சரிவாக வெட்டினால் அதிகக் குழல் அறுபடும். பட்டை தீர்ந்து தடி தொடங்கும் இடத்தில் வழுவழுவென்று மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. புதுப்பட்டை வளர்வது அதிலிருந்துதான். பால் வேண்டுமென்றால் கத்தி அதை நெருங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் தொடக்கூடாது. நடுவில் விடுவது ஒரு மில்லிமீட்டர் கனம். கத்தி கொஞ்சம் இறங்கித் தடியைத் தொட்டுவிட்டால், அங்கே வருகிற பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். வருடங்கள் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வருகிறவனுக்குக் கத்தி ஓடாது. இருட்டோடு எழுந்து, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகப் போகிற வேகத்தில் இந்த அளவு தவறக்கூடாது. புதிதாக வெட்டப் பழகுகிறவனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கத்தியைத் தள்ளுவதா இழுப்பதா என்பதல்ல அவன் கஷ்டம், எங்கே நிறுத்துவது என்பதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கொண்டுபோய், 'தேவன் நம்மையும் இப்படித்தான் அளவாகக் காயப்படுத்துகிறார்' என்று பேசிவிடாதீர்கள். பேசத் தோன்றும், வசனமும் கைகொடுக்கிற மாதிரி இருக்கும். முன்வரிசையில் போன வருடம் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அம்மா உட்கார்ந்திருப்பாள். அவளிடம் அளவைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

நீங்கள் பேச வேண்டியது குத்தகை மரத்தைப் பற்றி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதுதான் முறை என்று எல்லோருக்கும் தெரியும். சொந்த மரத்துக்கு அந்த ஓய்வைக் கொடுக்க யாரும் சொல்லித் தர வேண்டாம். குத்தகை முடிய ஒரு வருடம் இருக்கிறது, முதலாளி வளைகுடாவில் இருக்கிறார், ரப்பர் ஷீட்டுக்கு விலை ஏறியிருக்கிறது. இப்போது தினமும் வெட்டலாமா? கத்தியை அரை நூல் இறக்கலாமா? வெட்டி மாற்றப் போகிற கிழட்டு மரத்தில் கடும்வெட்டு வெட்டுவதில் தப்பில்லை, அதற்கு அதுதான் வழி. நல்ல மரத்தில், அடுத்தவன் மரத்தில் வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும். பட்டை வறண்டு பால் நிற்பது பிற்பாடுதான் தெரியவரும். அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். ஆறு வருடம் விதைத்தால் ஏழாம் வருடம் நிலம் சும்மா கிடக்கட்டும் என்கிறது லேவியராகமம் 25. நிலத்துக்கு அதைக் கேட்டு வாங்க வாய் இல்லை என்பதால்தான் சட்டமாகப் போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். சபையில் வெட்டுக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இதை நீங்கள் பேசினால் ஆமென் சத்தமாக வராது. இரண்டு பேராவது தரையைப் பார்ப்பார்கள்.

அம்மா சொன்னதற்கு வருத்தப்பட வேண்டாம். அவர்கள் தலைமுறை பாடம் தேடிப் பேசிய தலைமுறை இல்லை, செய்துவிட்டுப் போன தலைமுறை. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலத்தில் போட்டு, வாரக் கடைசியில் சபைக்குக் கொண்டுபோகிற பிடியரிசிப் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். மலையாளத்துக் கத்தோலிக்கர்களிடையே 19ஆம் நூற்றாண்டில் அதைப் பரப்பியவர் சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ், 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டாரே, அவர். பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சோற்றுக்குப் போன அரிசி அது. பஞ்ச காலத்தில் அளக்கிற அரிசியே மூன்று பிடி என்றால், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்த கை என்ன யோசித்திருக்கும்? உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பதில் சொல்ல மாட்டார்கள், 'அதுக்கென்ன இப்போ' என்பார்கள்.

நம் பக்கத்து மிஷன் வரலாற்றிலும் எனக்குப் பிடித்தது பிரசங்கங்கள் இல்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளை உட்கார வைத்து லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, அந்த லேஸ் கூலியில் விடுதலை பெற்ற பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. நூலைப் பார்த்து 'நம் வாழ்க்கையும் ஒரு பின்னல்' என்று அந்தப் பெண்கள் தியானித்தார்களா தெரியவில்லை. கூலியை எண்ணியிருப்பார்கள்.

விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் நடக்கும் ஏலத்தை மட்டும் இந்தப் பட்டியலில் எந்தப் பக்கம் வைப்பதென்று எனக்கே குழப்பம். ஒரு பப்பாளிப் பழத்தை ஒருவர் ஐந்நூறுக்கு எடுத்து, திரும்பவும் சபைக்கே கொடுக்க, அதை இன்னொருவர் எழுநூறுக்கு எடுக்கிறார். பார்க்க அழகு. ஆனால் மூன்றாவது தடவை ஏலம் போகும்போது அது பப்பாளி இல்லை, கான்ட்ராக்டருக்கும் வளைகுடாக்காரருக்கும் நடக்கிற பந்தயம். காலையில் அதைப் பறித்துக் கொண்டுவந்த கிழவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் மரம் எப்படி இருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரு வாரம் அதைப் பேசுங்கள், தைரியம் இருந்தால்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: தேடிப் பாடம் கண்டுபிடிப்பது தப்பில்லை, வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைப்பதுதான் தப்பு. வயிற்றுப்பாட்டுக்கு எழுதுகிற எனக்கே வாரம் ஒன்று தேறுவதில்லை. ஒன்றும் அகப்படாத ஞாயிறுகளில் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்காருங்கள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். அகப்பட்டால் பொருளை முதலில் காட்டுங்கள். கத்தியைக் கொண்டுபோங்கள், ஒரு துண்டுப் பட்டையையும் கொண்டுபோய் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காட்டுங்கள். பயல்கள் கேள்வி கேட்பார்கள். முடிவை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், போதகரிடம் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சண்டையாகிவிடும். நேரில் கூப்பிடுங்கள். மழைக்கு முன்னால் மரத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டுவீர்களே, அந்த வாரம் காலையில் வரச் சொல்லி, கையில் ஒரு கத்தியையும் கொடுத்துப் பாருங்கள். சொந்த மரத்தில் கொடுங்கள், குத்தகை மரத்தில் வேண்டாம்.

அன்புடன்.