‘குஞ்சு பொரிக்காது’ என்று விற்ற மீன்: ஹைப்ரிட் புளூகில் கேள்வி-பதில்

கேள்வி: டெக்ஸாஸில் இருக்கிறோம். பின்கட்டில் 10 அடிக்கு 8 அடி, 3 அடி ஆழத்தில் ரப்பர் விரிப்புக் குளம் போட்டிருக்கிறோம். தீவனக் கடைக்கு வந்த மீன் லாரியில் போன வசந்தத்தில் ‘ஹைப்ரிட் புளூகில்’ (ஒரு கலப்பின நன்னீர் மீன்) என்று 20 விரலிகள், அதாவது விரல் நீளக் குஞ்சுகள், வாங்கினோம். “இது மலட்டு மீன், பெருகாது” என்றார் விற்றவர். இப்போது குளம் முழுக்க நகக்கண் அளவுக் குஞ்சுகள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: மீன் சரியான மீனாகவே இருக்கலாம். பொய்யானது ‘மலடு’ என்ற சொல். இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஆண் புளூகில்லுக்கும் பெண் கிரீன் சன்ஃபிஷ்ஷுக்கும் பிறந்த முதல் தலைமுறை. இரண்டும் வட அமெரிக்காவின் சொந்த மீன்கள், ஒரே பேரினம். இந்தக் கலப்பில் பத்துக்கு ஒன்பது போல ஆணாகவே பிறக்கும். அதனால் பெருக்கம் குறையுமே தவிர நிற்காது. கோவேறு கழுதைக் கதை இங்கே செல்லாது: இருக்கிற ஒன்றிரண்டு பெண்களுக்கும் சினை பிடிக்கும், முட்டை பொரியும். ஒரு பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால் இருபதில் ஒன்று போதும், குளம் நிறைந்துவிடும்.

பெருகியது பெரிய நஷ்டமில்லை, பெருகியது எது என்பதுதான் கவலை. நீங்கள் காசு கொடுத்தது முதல் தலைமுறையின் வேகமான வளர்ச்சிக்கு. இரண்டாம் தலைமுறையில் அந்த வீரியம் சிதறும். ஒன்று புளூகில் சாயலில், ஒன்று கிரீன் சன்ஃபிஷ் சாயலில் என்று வரும். கூட்டமும் பசியும் சேர, எல்லாம் குட்டையாகவே நின்றுவிடும். குஞ்சுகளைச் சிறு கண் வலையால் இப்போதே அள்ளிவிடுங்கள். பெரிய மீன்கள் 10, 12 இருந்தால் இந்தக் குளத்துக்குத் தாராளம்.

பணம்? ரசீதில் ‘மலடு’ என்று எழுதியிருந்தால் வாதம் வலுவானது, வாய்ப்பேச்சென்றால் பலவீனம். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் தகராறு எழுப்ப, அந்தத் தொகை முதலில் வந்த பில் தேதியிலிருந்து பொதுவாக 60 நாள்தான் கெடு. உங்களுக்கு அது கடந்துவிட்டது. கடைக்காரரிடம் நேரில் பேசி வேறு மீனாக மாற்றித் தரச் சொல்வதே நடக்கக்கூடியது. அடுத்த முறை லாரிக்காரரிடம் கேட்க வேண்டியது: தாய் எது, தகப்பன் எது? முதல் தலைமுறைதானா, அல்லது ஏதோ ஒரு குளத்தில் வலை போட்டு அள்ளியதா? வந்து சேர்ந்ததும் செத்தால் ஈடு உண்டா, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? முதல் கேள்விக்கே தடுமாறுபவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் நாங்களே கலப்பினம் உண்டாக்கலாமா? பக்கத்து ஓடையில் இரண்டு மீனும் தூண்டிலில் கிடைக்கின்றன.

பதில்: செய்யலாம். முதலில் மாநில மீன்வளத் துறையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பொது நீரில் பிடித்ததை உயிரோடு கொண்டுபோகலாமா, சொந்தக் குளத்தில் விடலாமா. விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாநிலச் சட்டத்தை மீறிப் பிடித்ததை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டமும் (காட்டுயிர்க் கடத்தலைத் தடுக்கும் மத்தியச் சட்டம்) பாயும்.

பாதிப் பேர் கோட்டை விடுவது அடையாளத்தில். கிரீன் சன்ஃபிஷ்ஷுக்கு வாய் பெரிது, மேல்தாடையின் முனை கண்ணுக்குக் கீழே வரை வரும். மார்புத் துடுப்பு குட்டை, நுனி உருண்டை. புளூகில்லுக்கு வாய் சிறிது, மார்புத் துடுப்பு நீண்டு கூர்மையானது. அதை முன்பக்கம் மடக்கினால் கண்ணை எட்டும். செவுள் மூடியின் ‘காது மடல்’ விளிம்பு வரை கறுப்பு. இரண்டும் கெட்டானாக இருந்தால் அது ஏற்கெனவே கலப்பு. ஒதுக்குங்கள்.

அடுத்து ஆண் பெண். தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும் பருவத்தில் பாருங்கள். வயிற்றை மெல்ல நீவினால் ஆணிடம் பால் போல ஒரு துளி வரும். புளூகில் ஆணின் நெஞ்சு செம்பு நிறம் ஏறியிருக்கும். பெண்ணுக்கு வயிறு உப்பி, துவாரம் வளையம் போல வீங்கியிருக்கும். சின்ன ஆண்கள் பெண்ணைப் போலவே தெரியும். அப்படி ஒரே ஒரு கிரீன் சன்ஃபிஷ் ஆண் உள்ளே நுழைந்தாலும் பிறப்பது வெறும் கிரீன் சன்ஃபிஷ்தான். சந்தேகமா, விடாதீர்கள்.

பிடித்தவற்றை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள், ஓடை மீனில் ஒட்டுண்ணி சகஜம். பிறகு குளத்தில் ஒரு புளூகில் ஆண், மூன்று நான்கு கிரீன் சன்ஃபிஷ் பெண், வேறெதுவும் கூடாது. தன் இனத்துத் துணை அருகில் இருந்தால் கலப்பை நாடாது, இல்லாததால்தான் சேரும். இரண்டு அடி அகலத் தொட்டியில் மூன்று அங்குலத்துக்குக் கழுவிய பொடிக் கூழாங்கல் போட்டு, மேலே ஓரிரு அடித் தண்ணீர் நிற்கும்படி குளத்துக்குள் வையுங்கள். ஆண் வாலால் விசிறிக் கிண்ணம் போலக் குழி பறிக்கும். முட்டையிட்டதும் பெண்களை விரட்டி விரட்டிக் கடிக்கும், ஒளிய உடைந்த பூந்தொட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள். ஏரேட்டரின் குமிழி கூட்டின் மேல் விழக் கூடாது.

இரண்டு மூன்று நாளில் பொரியும். ஒரு வாரம் போல ஆனதும் குஞ்சு மேலெழும்பி நீந்தும். அப்போது பெரியவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவையே தின்றுவிடும். பம்பு வாயில் ஸ்பாஞ்சு கட்டுங்கள். பாசியைக் கொல்லும் யூவி விளக்கை அணையுங்கள். பலர் குளத்தைப் பளிங்காக வைத்துக் குஞ்சைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள். முதல் நாட்களில் அதன் வாய்க்குள் போவது பச்சைத் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்தான். பிறகு அன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்), அதன் பிறகே தூள் தீவனம்.

இன்னொன்று, குழாய்த் தண்ணீர். ஹோஸைப் போட்டு மறந்து, காலையில் எல்லாம் மிதப்பதைப் பார்த்தவர்கள் நிறைய. நகராட்சி நீரில் குளோரினோ குளோரமினோ இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தாலும் குளோரமின் தானாக ஆவியாகிப் போகாது. இவற்றை முறிக்கும் மருந்தை, ஊற்றும் தண்ணீருக்கு அல்ல, மொத்தக் குளத்துக்கும் அளந்து முதலிலேயே விடுங்கள். நேர்ச்சுவர் என்றால் உங்கள் குளம் 240 கன அடி, சுமார் 1,800 கேலன். சுவர் சரிவாக இருந்தால் அதைவிடக் குறைவு.

என்னைக் கேட்டால், எண்ணிக்கை சுத்தமாக வைக்கிற பொறுமை இல்லாதவர்கள் ரெட்இயர் சன்ஃபிஷ் என்ற இன்னொரு மீனை மட்டும் வாங்கி வளர்க்கலாம். நத்தை தின்னும், பார்க்கவும் அழகு.

கேள்வி: மிச்சக் குஞ்சை ஓடையில் விடலாமா? இங்குள்ள மீன்தானே?

பதில்: கூடாது. பெற்றோர் இங்குள்ளவை, நீங்கள் உண்டாக்கிய கலப்பு அல்ல. அது ஓடையில் தாய் இனத்தோடும் தகப்பன் இனத்தோடும் மறுபடி சேரும். மழையில் நிரம்பி வழியும் குளமென்றால் வடிகால் வாயில் கம்பிவலை கட்டுங்கள். ஊருக்கு வரும்போது பையில் நாலு குஞ்சு கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். 1960-ல் சிகாகோ மேயர் பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்குப் பரிசளித்த புளூகில்தான் ஜப்பான் ஏரிகளில் பரவி உள்ளூர் மீன்களைத் தின்றது. 2007-ல், பேரரசராக இருந்த அவரே அதற்காக மனம் வருந்திப் பேசினார். மிச்சத்தை உறைபெட்டியில் வைத்துச் செடிக்கு உரமாக்குங்கள், பெரிதாக இருந்தால் வறுவலுக்கு ஆகும்.