இரண்டு பிஎஸ்ஐ ஏற்றினால் எத்தனை குதிரை?

கேள்வி: என்னுடையது 2015 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, கம்பெனி கணக்கில் 105 குதிரைத்திறன். ஒரு ட்யூனிங் கடையில் பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை, 10 பிஎஸ்ஐயிலிருந்து 12-க்கு ஏற்றினேன். இப்போது 140 குதிரை என்று டைனோ (சக்தியை அளக்கும் கருவி) சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்கு முன்னால் டைனோவில் ஓட்டவில்லை. வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறது, ஆனால் 35 குதிரை கூடியிருக்குமா? எப்படி அளந்து தெரிந்துகொள்வது?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: சீட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு கூட்டல் கணக்குப் போடுங்கள். பூஸ்ட் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும்தான். இன்ஜினுக்குள் போவதோ மொத்த அழுத்தம். கடல்மட்டத்தில் வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ. ஆக, முன்பு 24.7, இப்போது 26.7. கூடியது எட்டு சதவீதம். 105-இல் எட்டு சதவீதம் என்றால் எட்டரைக் குதிரைகூட முழுதாக இல்லை. பத்து பன்னிரண்டானதும் இருபது சதவீதம் கூடிவிட்டது என்று மனம் கணக்குப் போடும். அது தவறு.

அந்த எட்டும் அப்படியே கைக்கு வராது. காற்றை அதிகம் அமுக்கினால் அதிகம் சூடாகும், சூடான காற்றின் அடர்த்தி குறையும். அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் கொஞ்சம்தான் மீட்டுத் தரும். சூட்டில் நாக்கிங் (பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) தொடங்கினால், நாக் சென்சார் சொல்லி, கணினி ஸ்பார்க்கைத் தாமதமாக்கும். அங்கேயும் சக்தி குறையும்.

அதற்காகக் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அந்த 12 பிஎஸ்ஐ எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றில்) வருகிறது என்று அவரிடம் கேளுங்கள். உங்கள் வண்டியில் 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) 1500 ஆர்பிஎம்மிலேயே வந்து 4100 வரை நிற்கும். 105 குதிரை வருவது 5000-இல். மீட்டரில் நீங்கள் பார்க்கும் உச்ச பூஸ்ட் பெரும்பாலும் நடுவில் வருவது. மேலே போகப் போக கம்பெனி ஃபைல் (வண்டியின் கணினியில் போட்டிருக்கும் கட்டளைகள்) பூஸ்ட்டை இறக்கியிருந்து, புது ஃபைல் இறங்கவிடாமல் பிடித்திருந்தால், 5000-இல் கூடியது இரண்டு பிஎஸ்ஐயைவிட அதிகமாகவே இருக்கும். ஸ்பார்க்கையும் முன்னே தள்ளியிருந்தால் இன்னும் கொஞ்சம் சேரும். ஆனாலும் 35 குதிரை என்பதை முன்பு ஒன்று, பின்பு ஒன்று என இரண்டு சீட்டைப் பார்க்காமல் நான் ஏற்க மாட்டேன்.

சீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். டைனோ அளப்பது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த சக்தியை. கியர்பாக்ஸில், டயரில் போன இழப்பை யாரோ ஒருவர் ஒரு சதவீதம் வைத்துத் திருப்பிச் சேர்க்கிறார். சக்கரத்தில் 112 வந்ததாக வைத்துக்கொள்வோம். இழப்பு 15 சதவீதம் என்று போட்டால் இன்ஜினில் 132. இருபது என்று போட்டால் 140! ஒரே ஓட்டம், ஒரே வண்டி. அதனால் சக்கரத்தில் வந்த எண்ணை, எந்தத் திருத்தமும் போடாமல், கேட்டு வாங்குங்கள்.

நான் 31 வருடம் இன்ஜின் டெஸ்ட் பெட்டில் நின்றவன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் காற்றின் வெப்பமும் ஈரமும் தெரிய உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானி இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதாமல் எங்கள் மேஸ்திரி லிவரைத் தொடவிட மாட்டார். காலை ஷிஃப்டில் தேறிய இன்ஜின் மே மாத மதியத்தில் தேறாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். 25 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் காற்றின் அடர்த்தி ஐந்து சதவீதம் குறைந்துவிடும். நீங்கள் தேடுகிற எட்டு சதவீதத்தில் பாதிக்கு மேல் அதிலேயே மறைந்துபோகும்.

அதனால் கம்பெனி ஃபைலைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஒரே நாள், ஒரே டைனோ, ஒரே கியர், ஒரே டயர் அழுத்தம், முன்னால் பெரிய ஃபேன். பழைய ஃபைலில் மூன்று ஓட்டம், புதியதில் மூன்று ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறவிட வேண்டும். உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று, வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பார்த்து எழுதுங்கள்.

டைனோ கிடைக்காவிட்டால் கடிகாரமும் எடை மேடையும் போதும். உங்களோடு சேர்த்து வண்டி 1200 கிலோ என்று வைப்போம். மேனுவல் மோடில் மூன்றாம் கியரிலேயே நிறுத்தி, 60-லிருந்து 100 கி.மீ. வேகத்துக்குப் போக எத்தனை விநாடி என்று ஜிபிஎஸ் கருவியில் பாருங்கள். ஆறு விநாடி ஆனால் சராசரி 49.4 கிலோவாட், அதாவது 67 குதிரை. 5.2 விநாடி ஆனால் 57 கிலோவாட், 77 குதிரை. கூடியது பத்து. காற்றுத் தடையும் உருளும் தடையும் இதில் சேரவில்லையே என்பீர்கள். ஒரே வேகத்தில் இரண்டு ஓட்டத்துக்கும் அவை ஒன்றுதான், கழிக்கும்போது போய்விடும். ரோடு சமமாக இருக்க வேண்டும், போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். தயவுசெய்து நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள். செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் உங்களுக்குப் பக்கம்தானே, ட்ராக் நாளில் அனுமதி வாங்கிப் போங்கள்.

அப்புறம், உங்கள் வண்டியின் ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்க வடிவமைத்தது. சீட்டில் குதிரையைவிட டார்க் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அந்த எல்லையை நெருங்கியிருந்தால் இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் டர்போ கார் ஊட்டிக்குப் போனால் பூஸ்ட் மீட்டர் அதிகம் காட்டுகிறது. குளிரில் சக்தி கூடுகிறதா?
- மேட்டுப்பாளையம் வாசகி

பதில்: இல்லை அம்மா. ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று சுமார் 11.2 பிஎஸ்ஐதான். கணினி கீழே இருந்த அதே 24.7 மொத்த அழுத்தத்தைப் பிடிக்கப் பார்க்கும். அதற்கு 13.5 பூஸ்ட் வேண்டும், மீட்டர் அதைத்தான் காட்டுகிறது. டர்போ மட்டும் கீழே இருந்ததைவிட வேகமாகச் சுற்றி உழைக்கிறது. டர்போ இல்லாத வண்டி அங்கே கிட்டத்தட்ட கால் பங்கு சக்தியை இழந்து நிற்கும்.

கேள்வி: 1980-களில் பிஎம்டபிள்யூவின் ஃபார்முலா ஒன் இன்ஜின் 1.5 லிட்டரில் 1400 குதிரை கொடுத்தது உண்மையா?
- திருச்சி கல்லூரி மாணவர்

பதில்: நெல்சன் பிக்கே 1983-இல் பட்டம் வென்ற பிரபாம் காரில் இருந்த எம்12/13 இன்ஜினைச் சொல்கிறீர்கள். நாலே சிலிண்டர்தான் தம்பி. 1986-இல் தகுதிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து பாருக்கு (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) மேல் அழுத்தம் ஏற்றினார்கள். பந்தயத்தில் அதைவிட நிறையக் குறைவு. 1400 என்பது அளந்த எண் அல்ல, அதை உருவாக்கிய பால் ரோஷேயின் மதிப்பீடு. அவர்களிடம் இருந்த டைனோ 1280-க்கு மேல் காட்டாது.