ஜூம் கணித வகுப்பில் ஒரே பையன் முதலிலேயே சாட்டில் விடையைப் போட்டுவிடுகிறான்

சாட் அமைப்பை, வகுப்பை நடத்தும் உங்களுக்கு (ஹோஸ்ட், கோ-ஹோஸ்ட்) மட்டும் செய்தி வரும்படி மாற்றிவிடுங்கள். அவன் விடை உங்களுக்கு மட்டும் தெரியும். மற்ற 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைக்க மாட்டார்கள்.

பாதிக் காரணம் கேள்வியிலும் இருக்கிறது. "7இன் 100ஆம் அடுக்கின் கடைசி இலக்கம் என்ன?" என்று கேட்டால், "1" என்று யாராவது சொன்னதும் எல்லாம் முடிந்தது. அதற்குப் பதில், முதல் எட்டு அடுக்குகளின் கடைசி இலக்கங்களைத் தாளில் எழுதிக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள்: 7, 9, 3, 1, மறுபடி 7, 9... நான்குக்கு ஒருமுறை திரும்புவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு 3இன் 51ஆம் அடுக்கைக் கொடுத்துப் பாருங்கள். வரிசை 3, 9, 7, 1; 51ஐ நான்கால் வகுத்தால் மீதி 3, அதனால் விடை மூன்றாவதாக வரும் 7. யாராவது 3 என்றால், 7இன் வரிசையையே இதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பையனை மட்டும் அடக்கிவிடாதீர்கள். "எந்தக் கடைசி இலக்கங்கள் எத்தனை அடுக்கு போனாலும் மாறாது, ஏன்?" என்று தனிச் செய்தியில் கேளுங்கள். 0, 1, 5, 6. காரணத்தை எழுத அவனுக்கும் நேரம் பிடிக்கும்.