விலைக்கு வாங்கிய சதுப்பு

கேள்வி: இங்கிலாந்தில் இயற்கை நிலங்களை அறக்கட்டளைகள் விலைக்கு வாங்கிக் காப்பதாகப் படித்தேன். பத்திரம் பதிந்துவிட்டால் நிலம் பிழைத்துவிடுமா? பின்னாளில் அவர்களே அதை விற்றுவிட மாட்டார்களா?
– வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: இரண்டாவது ஐயத்துக்கு விடை சுருக்கமானது. 1895இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட், தன் நிலம் ஒன்றைக் கைமாற்றத் தகாதது என்று அறிவித்துவிட்டால், 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது.

முதல் ஐயம்தான் கனமானது. கேம்பிரிட்ஜ் அருகே விக்கன் ஃபென் என்னும் சதுப்பில் அந்த அறக்கட்டளை 1899இல் பத்து பவுண்டுக்கு இரண்டு ஏக்கர் வாங்கியது. பின்னர் கிரயமாகவும் நன்கொடையாகவும் துண்டு துண்டாக நிலம் சேர்ந்தது. ஆனால், சுற்றிலும் இருந்த சதுப்புகளை நீர் வடித்து வயலாக்கிவிட்டபடியால், தாவரங்கள் மட்கி உருவான அங்குள்ள மண் உலர்ந்து சுருங்கித் தாழ்ந்துபோக, நனைந்தே கிடந்த விக்கன் ஃபென் மட்டும் மேடாக நின்றுவிட்டது. மேட்டு நீர் எங்கே போகும் என்று டெல்டாக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரை வேய ஊரார் நெடுங்காலமாக அறுத்துவந்த கோரையினப் புல்லுக்குத் தேவை குறைந்ததும் அங்கே புதர் மண்டியது. புதர் மரமாகி நிலத்தை இன்னும் உலர்த்தியது. ஸ்வாலோடெயில் என்னும் அழகிய வண்ணத்துப்பூச்சி 1950களில் அங்கே அற்றுப்போனது. 1970களில் மீண்டும் கொண்டுவந்து விட்டும் அது நிலைக்கவில்லை.

ஆகவே புல்லை முறைவைத்து அறுப்பதும், புதரை வெட்டுவதும், கரையில் கசிவை அடைப்பதும் இன்று அங்கே ஓயாத வேலையாக இருக்கின்றன. சதுப்பிலிருந்து நீரை வெளியேற்றுவதற்காகக் கட்டப்பட்ட பழைய காற்றாலை ஒன்றை 1956இல் பெயர்த்துக் கொண்டுவந்து, நீரை உள்ளே ஏற்றுவதற்கு நிறுத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இரண்டு ஏக்கருக்கு வேலி போட்டால் போதாது, சுற்றியுள்ள நீர்மட்டமும் உயர வேண்டும் என்பதை உணர்ந்து, 1999இல் ஏறத்தாழ 53 சதுர கிலோமீட்டர் வரை விரியும் நூறாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். நல்ல விளைநிலத்தை நீரில் மூழ்கடிப்பதா என்று அப்பகுதியினர் சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும் வடித்த வயல்களின் மண் ஆண்டுதோறும் கரைந்துகொண்டே வருவதால், அங்கே உழவுக்கும் காலம் நீளமில்லை என்றே நான் கருதுகிறேன்.