ஹாஷ் பிரவுன் உப்புமா ஆன கதை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

ஒஹாயோ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. டைனர்ல, அதான் இங்க இருக்கற சின்ன சாதாரண ஓட்டல்ல, கிடைக்கற மாதிரி பேன்கேக் வீட்ல பண்ணணும்னு பாக்கறேன், எனக்கு மட்டும் ரப்பர் மாதிரி தட்டையா வருது. பால்ல கரைக்கணுமா மோர்லயா? ஏர் ஃப்ரையர் வாங்கலாமா? உருளைக்கிழங்கத் துருவி முறுவலா வறுக்கற ஹாஷ் பிரவுனும் பண்ணேன், உப்புமா ஆயிடுச்சு. அத விடுங்க, துருவி வறுக்கறதுல என்ன பெரிய சமையல் இருக்கு.

ச.

அன்புள்ள ச.,

மோர் வேணாம். அங்க அட்டை டப்பால கெட்டியா, புளிப்பா பட்டர்மில்க்னு விக்குமே அத வாங்குங்க, அந்தப் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்தாதான் பொங்கும். மாவுல கட்டி இருந்தா இருக்கட்டும், நைஸா வர்ற வரைக்கும் அடிச்சு அடிச்சுதான் ரப்பர் பண்ணி வச்சிருக்கீங்க. ஏர் ஃப்ரையர் எல்லாம் வேணாம், போங்க.

ஆனா கடைசில ஒரு வரி எழுதினீங்க பாருங்க, "என்ன பெரிய சமையல்"னு, அதுக்குத்தான் இந்த பதிலே. அக்காங்கற உரிமைல திட்டறேன், உங்களுக்கு வராத ஒண்ண சமையலே இல்லன்னு சொல்றது என்ன பழக்கம்?

நியூ ஜெர்சில நான் நைட் ஷிஃப்ட் பாத்த காலத்துல, விடியக்காலைல வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு டைனர் கவுன்டர்ல உக்காருவேன், எதிர்லயே பெரிய இரும்புக் கல்லு. அங்க சமைக்கறவர் கிரேக்கக்காரர், பெரியவர், துருவின உருளைய ஒரு கை அள்ளிக் கல்லுல போட்டு லேசா அமுக்கிட்டு முதுகக் காட்டித் திரும்பிடுவார், முட்டை உடைப்பார், டோஸ்டுக்கு வெண்ணெ தடவுவார், அந்தப் பக்கம் பாக்கவே மாட்டார். ஒரு நாள் பனி, பஸ் போயிடும்னு "திருப்பிப் போடுங்களேன்"னு அவசரப்படுத்தினேன். கைல இருந்த கரண்டிய கவுன்டர்ல கவுத்து வச்சிட்டு என் கப்புல காபி ஊத்திட்டுப் போயிட்டார் மனுஷன். எனக்கு பஸ்ஸும் போச்சு. ஆனா அன்னிக்குத் தட்டுல வந்தது ஓரமெல்லாம் முறுவலா, உள்ள வெண்ணெ மாதிரி... இன்னும் நாக்குல இருக்கு.

நீங்க என்ன பண்ணியிருப்பீங்க, சொல்லட்டுமா? துருவி அப்படியே போட்டு, அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கிளறியிருப்பீங்க. உருளைல தண்ணி இருக்கற வரைக்கும் கல்லோட சூடெல்லாம் அத ஆவியாக்கவே போயிடும், நூறு டிகிரிய தாண்டாது, சிவக்கறதுக்கு நூத்தி நாப்பதுக்கு மேல வேணும். அதனால அவியுது, வறுபடல. மேல ஒட்டியிருக்கற மாவுச்சத்து வேற பசையாயிடும். ரசெட்னு மாவு அதிகமா இருக்கற உருளை வாங்கி, துருவி, கழுவற தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க, அப்புறம் வேட்டித் துணில கட்டி முறுக்கிப் பிழிங்க, போதும்னு தோணினதும் இன்னொரு தரம் பிழிங்க. உப்பு முதல்லயே போடாதீங்க, திரும்பத் தண்ணி விட்டுக்கும். வார்ப்பிரும்பு வாணலில வெண்ணெயும் எண்ணெயும் விட்டு மெலிசா பரப்பி அமுக்கிட்டு ஆறேழு நிமிஷம் கையக் கட்டிட்டு சும்மா இருங்க. முடியலையா, எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்க அந்த நேரத்துல.

இதெல்லாம் பணக்காரச் சமையல் இல்ல தம்பி. 1872ல அமெரிக்காவுல ப்ராவிடன்ஸ்ங்கற ஊர்ல வால்டர் ஸ்காட்னு ஒருத்தர் (நாவல்காரர் இல்ல, இவர் வேற) குதிரை வண்டில வச்சு ராத்திரி வேலைக்காரங்களுக்கு சாப்பாடு வித்தார், டைனரோட ஆரம்பம்னு அதத்தான் சொல்றாங்க. ஓக்லஹோமால எல் ரெனோங்கற ஊர் பக்கம் பர்கருக்குக் கறி பத்தலன்னு கறி மேல வெங்காயத்த அள்ளி வச்சு அமுக்கினாங்க, அந்த வெங்காய பர்கர் இன்னிக்கு அந்த ஊர் பெருமை. கொத்துக்கறிய பிரெட் மாதிரி கட்டியா சுடற மீட்லோஃப்ல பிரெட் தூள் எதுக்குன்னு நினைச்சீங்க? கறிய நிரவத்தான். சாமான் மலிவு, அதனால கைப்பக்குவத்துலதான் எல்லாமே.

பேன்கேக் கேட்டீங்கல்ல, அதுல இன்னொண்ணு சொல்ல மறந்தே போனேன். முதலாவது எப்படியும் சொதப்பும், முதல் தோசை மாதிரிதான். அத நீங்க நின்னுக்கிட்டே சாப்பிட்டுடுங்க.

அன்புடன்,
அக்கா