மாடித்தோட்ட வகுப்புக்குப் போகும் முன்: பெங்களூர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்

மாசி பங்குனி வந்தாலே வகுப்பு எங்கே நடக்கிறது, இப்போது என்ன விதைக்கலாம் என்று கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேலை சொல்கிறேன், தயவுசெய்து செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை உங்கள் மாடியையோ பால்கனியையோ கவனியுங்கள். வெயில் எத்தனை மணிக்கு எந்த மூலைக்கு வருகிறது, பக்கத்துக் கட்டிடத்தின் நிழல் எப்போது விழுகிறது, குழாய் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு போகிறவருக்குத்தான் வகுப்பெடுப்பவர் உருப்படியாக வழி சொல்ல முடியும்.

அல்சூரிலிருந்து: அக்கா, லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனால் ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா? ஜனவரியில் தவறவிட்டுவிட்டேன், ஆகஸ்ட் வரை காத்திருக்கவா?

காத்திருக்காதீர்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் அந்தக் கண்காட்சி கண்ணுக்கு விருந்து, 1889இல் கட்டின கண்ணாடி மாளிகையைப் பார்க்கவே போகலாம், ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்று யாரிடமும் சந்தேகம் கேட்க முடியாது. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சாதாரண நாளில் லால்பாக் போங்கள். தோட்டக்கலைத் துறையும் மைசூர் தோட்டக்கலைச் சங்கமும் காய்கறித் தோட்டம், மாடித்தோட்டம், போன்சாய் என்று பயிற்சி நடத்துகிறார்கள். அடுத்தது எப்போது என்று அலுவலகத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்தில் நான் முதலில் கைகாட்டுவது ஹெசரகட்டாவைத்தான். அங்கே இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சி சமீப வருடங்களில் பிப்ரவரி, மார்ச் தொடக்கம் என்று இந்தச் சமயத்தில்தான் நடந்திருக்கிறது. செடியை வயலில் நட்டு, ரகம் ரகமாகக் காய்த்து நிற்பதைக் காட்டுவார்கள், பக்கத்திலேயே விஞ்ஞானி நிற்பார். வெண்டைக்கு அர்கா அனாமிகா, தக்காளிக்கு அர்கா ரக்ஷக் எல்லாம் அவர்கள் உருவாக்கியவைதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு, அதிலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே குணம் வராது. விதை சேமிக்க ஆசைப்படுகிறவர்கள் அர்கா விகாஸ் கேளுங்கள், அது தண்ணீர்க் குறைவையும் ஓரளவு தாங்கும்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: எல்லாம் கன்னடத்தில் நடக்குமே, எங்கள் அம்மாவுக்குப் புரியுமா?

தாராளமாகப் புரியும். பேசுகிறவர்கள் கன்னடமும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார்கள், செடியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதால் பாதி பார்த்தே விளங்கிவிடும். அம்மா தமிழில் கேட்டாலும் பதில் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார், அதுதானே நம் பெங்களூர். ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா என்று மாடித்தோட்டக்காரர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை பேட்டையாக நடத்தும் சந்தைக்கும் அம்மாவைக் கூட்டிப் போங்கள். விதை, நாற்று, உரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், பேச்சும் இருக்கும். அங்கே வருகிறவர்களில் பலர் தினமும் மாடியில் நிற்கிறவர்கள், நம்மைப் போலவே தொட்டியும் பையும் வைத்து வளர்க்கிறவர்கள், அவர்கள் வாயால் கேட்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

பானஸ்வாடியிலிருந்து: போன வருடம் மார்ச்சில் ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை போட்டேன். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தது, பூவே இல்லை. உரம் போதவில்லையா?

உரம் கூடப் போடாதீர்கள், இன்னும் இலைதான் வரும். நாட்டு அவரை பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். அதனால்தான் மழைக்காலத்தில் விதைத்து மார்கழி, தை மாதங்களில் பறிக்கிறோம், பசவனகுடிப் பக்கம் அவரைக்காய்த் திருவிழா ஜனவரியில் களைகட்டுவதும் அதனால்தான். மார்ச்சில் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போகும், செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும், அதன்மேல் தப்பில்லை. இப்போதே அவரை வேண்டுமென்றால் பகல் நேரத்தைப் பார்க்காத ரகம் வாங்குங்கள். நம் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பால் அவரை 3, 4, ஹெசரகட்டாவின் அர்கா ஜய், அர்கா விஜய். இவை குத்துச்செடி, பந்தல் வேண்டாம். ஊர் விதையைப் பத்திரமாக வைத்திருந்து ஆடியில் போடுங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: சுரைக்காய் பிஞ்சு விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. நான்காவது மாடி. என்ன மருந்து அடிக்கட்டும் அக்கா?

மருந்து வேண்டாம் தம்பி. பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றுதான் அர்த்தம். சுரை மாலையில் பூக்கும், இருட்டின பிறகு வரும் அந்துப்பூச்சிகள்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகும், நான்காவது மாடிக்கு அவை ஏறி வருவது குறைவு. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மேலே போங்கள். நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. பூவுக்குக் கீழே ரோமம் போர்த்திய குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டிருப்பது பெண் பூ. ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் மாவு பெண் பூவின் நடுமுடிச்சில் படும்படி மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். சேர்ந்துவிட்டால் பிஞ்சின் தலை சில நாளில் தாழ ஆரம்பிக்கும். பீர்க்கும் மாலையில்தான் பூக்கும். பாகல், பூசணி, வெள்ளரிக்கு அதிகாலை. கொடி பூக்கத் தொடங்கியதும் ஆண் பூவாகவே வந்தால் பயப்பட வேண்டாம், பெண் பூ பின்னால்தான் வரும்.

விவேக் நகரிலிருந்து: மிளகாய் இலை சுருண்டுவிட்டது. படம் அனுப்பினேன், ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

படத்தில் தெரியாது, இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலை மேல்நோக்கிக் கிண்ணமாகச் சுருண்டால் பொதுவாக இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டும் காய்ந்த வெயிலில்தான் பெருகும். சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் படும்படி அடியுங்கள், வாரம் ஒரு முறை. வகுப்புக்குப் போகும்போது நோய்ப்பட்ட கிளை ஒன்றை மூடின பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போங்கள். திறந்து கொண்டுபோகாதீர்கள், மற்றவர் செடிக்கும் பரவும்.

திப்பசந்திராவிலிருந்து: வாடகை வீடு. மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் பாரம் தாங்காது, ஒழுகும் என்கிறார் வீட்டுக்காரர்.

அவர் கவலை நியாயமானது. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டிட விதிப்படி சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்கில்தான் வடிவமைப்பு. 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள ஒரு பை நிறைய வெறும் மண் கொட்டி நனைத்தால் ஏறக்குறைய 70 கிலோ வரும். மூன்று பையை நெருக்கி வைத்தால் என்ன ஆகும், நீங்களே பாருங்கள். ஆகவே செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவரோரமாகவும் பீம் ஓடும் இடத்திலும் பரப்பி வையுங்கள், கீழே ஸ்டாண்டு கட்டாயம். தளம் ஈரமாகவே கிடந்தால்தான் ஒழுகல் வரும். வீட்டுக்காரரையும் வகுப்புக்கு அழைத்துப் போங்களேன், முதல் கீரைக்கட்டை அவருக்குக் கொடுங்கள்.

மர்பி டவுனிலிருந்து: தண்ணீர்ப் பஞ்சத்தில் தோட்டம் போடுவது சரிதானா என்று மனசு உறுத்துகிறது.

உறுத்த வேண்டிய விஷயம்தான். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது என்று சொல்லி 5000 ரூபாய் அபராதமும் அறிவித்தது, மறக்க முடியாது. அதனால் குறைவாக வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். அரிசி, பருப்பு, காய் கழுவின தண்ணீரே நாலைந்து தொட்டிக்குப் போதும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரில் உப்பு அதிகம், தனியாகத் தினமும் ஊற்றாமல் கலந்து ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் கீரைக்கு வேண்டாம். எல்லாவற்றையும் விட மூடாக்கு: காய்ந்த இலையை இரண்டு அங்குலம் மண்மேல் பரப்பினால் தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. மரத்தடியில் எரிப்பதற்காகக் கூட்டி வைத்திருக்கும் சருகைக் கேட்டு வாங்கி வாருங்கள். விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்றவே வேண்டாம்.

கோரமங்களாவிலிருந்து: கட்டண வகுப்புகள் விளம்பரம் நிறைய வருகிறது. சேரலாமா?

மண் கலப்பதையும் நாற்று நடுவதையும் உங்கள் கையால் செய்யவைப்பார்களா, நடத்துகிறவர் தோட்டத்தைக் கோடையில் பார்க்க முடியுமா, பிறகு சந்தேகம் கேட்டால் பதில் வருமா என்று கேளுங்கள். கடைசியில் அவர்களுடைய பொருளைத்தான் வாங்க வேண்டும் என்றால் வேண்டாம்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: கறிவேப்பிலை குளிரில் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது துளிர்க்கும். நுனியைக் கிள்ளுங்கள், பூ, காய் வந்தால் எடுத்துவிடுங்கள், புளித்த மோரை நீர்த்து ஊற்றுங்கள்.

எச்எஸ்ஆர் லேஅவுட்டிலிருந்து: பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம்?

உங்கள் பேட்டையிலேயே ஸ்வச்சாகிரஹ கலிகா கேந்திரா இருக்கிறது, சமையலறைக் கழிவை உரமாக்கும் பல முறைகளைச் செய்து காட்டவென்றே அமைத்த இடம். முதலில் அங்கே கூட்டிப் போங்கள். வீட்டில் கீரை போடட்டும். அர்கா சுகுணா தண்டுக்கீரை சுமார் 25 நாளில் முதல் வெட்டுக்கு வந்துவிடும், மறுபடி மறுபடி துளிர்க்கும். விதை மிகப் பொடியாக இருக்கும், மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள், முளைக்கும் வரை பூவாளியால் மட்டும் தண்ணீர். மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் அடிக்கிற இடமென்றால் பச்சை நிழல்வலை கட்டிவிட்டு விதையுங்கள்.