கியூவின் ஜாயிண்ட்: எஃகா, பித்தளையா, மரமா? – கேள்வி பதில்

மேசைப் பந்தாட்டங்களான பூலும் ஸ்னூக்கரும் ஆடும் கரையோர நண்பர்கள், கியூவின் (பந்தை அடிக்கும் கோலின்) இரு துண்டுகளும் சேரும் ஜாயிண்டைப் பற்றி அனுப்பிய கேள்விகளும், கீழக்கரையில் லேத் பட்டறை நடத்திக்கொண்டே டிப் (கியூவின் நுனியில் ஒட்டும் தோல்) மாற்றுவது, ஜாயிண்ட் சீர்செய்வது ஆகிய வேலைகளையும் பார்த்துவரும் மூத்த உறுப்பினர் அவற்றுக்கு அளித்த பதில்களும் கீழே இடம்பெறுகின்றன.

கேள்வி (கீழக்கரை): காக்கா, துபாயில் இருக்கும் என் அண்ணன் விடுப்பில் வரும்போது எனக்கொரு பூல் கியூ வாங்கி வருவதாகச் சொல்கிறார். எஃகு ஜாயிண்ட் வைத்ததில் அடி கெட்டியாக விழும், மரத்தோடு மரம் பொருந்துவதில் அடி மென்மையாக இருக்கும் என்கிறார்கள். இது உண்மையா?

பதில்: தம்பி, பந்துக்கு என்ன நேர்கிறது என்பதையும், உங்கள் கைக்கும் காதுக்கும் என்ன வந்து சேர்கிறது என்பதையும் தனித்தனியே பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். பந்தின் ஓரத்தில் அடித்துச் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) கொடுக்கும்போது ஷாஃப்டின் (கியூவின் முன்துண்டின்) நுனி பக்கவாட்டில் வளைகிறது. அந்த வளைவு இவ்வளவு குறுகிய நேரத்தில் டிப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தைக்கூடத் தாண்டுவதில்லை. 58 அங்குலக் கியூவில் ஜாயிண்ட் இருப்பதோ 29 அங்குலம் தள்ளி. ஆகவே, சைடு கொடுத்த பந்து குறிபார்த்த கோட்டிலிருந்து எவ்வளவு விலகும் என்பதில் ஜாயிண்டுக்குப் பங்கு இல்லை. நுனியின் கனம்தான் அதைத் தீர்மானிக்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்த டேவிட் அல்சியாடோரே அதிவேகக் கேமராவின் துணையோடு விளக்கியிருப்பதும் இதையே.

நீளவாக்கில் செல்லும் அதிர்வின் கதை வேறு. மேப்பிள் மரத்தில் அது நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் ஓடுவதால், பந்து விலகுவதற்குள் ஜாயிண்டை எட்டித் திரும்ப அதற்கு நேரம் இருக்கிறது. எனினும் தோலால் ஆன டிப்பில் வீணாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், சரியாக இறுகிய ஜாயிண்டில் வீணாவது மிகவும் சொற்பம். எஃகு ஜாயிண்ட் போட்டதனால் பிரேக்கில் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியில்) பந்து கூடுதலாகச் சிதறும் என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி (மண்டபம்): பாய், அப்படியானால் ஒவ்வொரு ஜாயிண்டும் கைக்கு வெவ்வேறு விதமாகத் தெரிவது வெறும் பிரமையா? எனக்கு நிச்சயமாக வித்தியாசம் தெரிகிறது.

பதில்: பிரமை இல்லை. கைக்கு உணர்வு வந்து சேர்வதற்குள் பந்து டிப்பை விட்டுப் போய்விடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் உணர்வது அடித்த பிறகு கியூவில் எஞ்சி நிற்கும் அதிர்வையும், அதன் ஓசையையும், கியூவின் எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதையும். இவற்றில் எடைதான் ஆட்டத்தை உண்மையில் பாதிக்கக்கூடியது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கன சென்டிமீட்டருக்கு எஃகு ஏறத்தாழ 7.9 கிராம், பித்தளை 8.5, டைட்டேனியம் 4.5, அலுமினியம் 2.7, கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்ந்த ஜி-10 சுமார் 1.85, பிசினால் ஆன ஃபீனாலிக் 1.4 அளவில் இருக்கும். நடுவிலுள்ள திருகாணி எஃகில் 40 கிராம் என்றால், அதே அளவில் டைட்டேனியத்தில் செய்தது 23 கிராமும், ஜி-10-இல் செய்தது 10 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். இப்போது 540 கிராம் கியூ ஒன்றின் சமநிலைப் புள்ளி பின்முனையிலிருந்து 18.5 அங்குலத்தில் இருப்பதாகக் கொள்வோம். 29 அங்குலத்தில் இருக்கும் ஜாயிண்டில் 30 கிராம் கூடினால், அந்தப் புள்ளி அரை அங்குலத்துக்குச் சற்று மேலாகவே முன்னே நகர்ந்துவிடும். முன்பக்கம் கனத்த கியூ, அதை மேசைமேல் தாங்கும் பிரிட்ஜ் கையில் அழுந்தி உட்காரும். சிலருக்கு அது நிதானத்தைத் தரும், சிலருக்கு மெல்ல அடிக்க வேண்டிய இடத்தில் கை கட்டுப்பட்டதுபோல் இருக்கும். எஃகு ஜாயிண்டுக்குச் சொல்லப்படும் குணத்தில் பெரும்பகுதி இந்த அரை அங்குலம்தான் என்பது என் கருத்து.

மிச்சம் ஓசை. எஃகு காலரில் (ஜாயிண்டைச் சுற்றிய வளையத்தில்) அடி சற்றுக் கூர்மையாகக் கேட்கிறது. மரத்தோடு மரம் பொருந்தும் முகமும் ஃபீனாலிக்கும் அதை மந்தமாக்கிவிடுகின்றன. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, நண்பர் ஒருவர் மாற்றி மாற்றிக் கொடுக்கும் இரண்டு கியூக்களால் ஒரே நேர்ஷாட்டை அடித்துப் பாருங்கள். டிப்பும் எடையும் ஒன்றாக இருந்தால், எது எஃகு என்று சொல்லப் பெரும்பாலோர் திணறுவார்கள். டிப் ஒன்றாக இல்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது. கெட்டியான டிப்புக்கும் மெதுவான டிப்புக்கும் உள்ள வித்தியாசம் எந்த ஜாயிண்ட் வித்தியாசத்தையும் விழுங்கிவிடும்.

எஃகுக்கு இத்தனை மதிப்பு வந்ததற்கு வரலாறும் ஒரு காரணம். நியூயார்க்கில் கியூ செய்துவந்த ஜார்ஜ் பாலபுஷ்கா (1912–1975) எஃகு காலரும், 5/16 அங்குலத் தடிப்பில் அங்குலத்துக்கு 14 மரை கொண்ட திருகாணியும் உள்ள ஜாயிண்டைப் பயன்படுத்தினார். அவருடைய கியூக்கள் பொக்கிஷமாகிப் போனதால், பின்னால் வந்தவர்கள் பலர் அந்த ஜாயிண்டையும் கூடவே எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி (தொண்டி): எங்கள் கிளப்பில் ஸ்னூக்கர் கியூக்கள்தான். எல்லாவற்றிலும் பித்தளை ஜாயிண்ட். அவ்வளவு கனமான உலோகத்தைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லையே?

பதில்: இருக்கும் இடம் வேறு. முக்கால் பாக நீளத்துக்கு ஷாஃப்ட் வரும் ஸ்னூக்கர் கியூவில் ஜாயிண்ட் பின்முனையிலிருந்து ஏறத்தாழ 16 அங்குலத்தில், சமநிலைப் புள்ளியை ஒட்டியே இருக்கிறது. அங்கே 30 கிராம் கூட்டினாலும் அந்தப் புள்ளி ஓரிரு மில்லிமீட்டர்தான் நகரும். கிளப்பில் சிலர் பூல் கியூவையும் ஸ்னூக்கர் கியூவையும் அருகருகே வைத்து அடித்துவிட்டு வித்தியாசத்தைப் பித்தளையின் மேல் ஏற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது நியாயமில்லை. ஒன்று 12, 13 மில்லிமீட்டர் டிப் கொண்ட மேப்பிள், மற்றொன்று 9 அல்லது 10 மில்லிமீட்டர் டிப் கொண்ட ஆஷ். பந்தின் அளவுகூட வேறு: பூலில் 57.15 மில்லிமீட்டர், ஸ்னூக்கரில் 52.5.

கேள்வி (பாம்பன்): பாய், என் கியூவில் இருப்பது துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லித்தான் விற்றார்கள். காற்றுக்காலம் முடிவதற்குள் காலரில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. லேத்தில் கடைவதற்கு எளிது என்பதால் விரும்பப்படும் 303 வகை எஃகில் கந்தகம் சேர்க்கப்பட்டிருக்கும். உப்புக்காற்றில் அது 304-ஐ விட விரைவாகப் புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316 நன்றாகத் தாங்கும், ஆனால் கியூ விற்பவரிடம் வகை எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்ட ஊர் உங்களுடையது. அந்தக் காற்றில் ஒரு காலர் புள்ளி விழுவதில் வியப்பில்லை.

பித்தளையில் துரு வராது, களிம்பு வரும். வீட்டுச் செம்பு, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளியின் ஈரமும் அமிலமும் காலருக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் இறங்கினால் அங்கே மரம் கறுத்து, ஒட்டும் தளர்ந்துபோகும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, இரு பக்கமும் மூடி போட்டு, உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்தால் போதும்.

மரத்தோடு மரம் பொருந்தும் ஜாயிண்டில் உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது, ஈரம்தான் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்திலேயே வெட்டிய மரை உப்பி இறுகும், மாசிக்குப் பிறகு தளரும். இறுகினால் மெழுகுவர்த்தியை மரையில் இலேசாகத் தேய்க்கலாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, அது மரத்தில் ஊறிப் பிசுபிசுக்கும். நம் கரைக்கு என் தேர்வு ஃபீனாலிக் காலர்தான். துணியையோ தாளையோ பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பொருள் அது. மின்வேலைக்காரர்கள் ஹைலம் என்று கேட்டு வாங்கும் தகட்டின் இனம். துருவும் இல்லை, களிம்பும் இல்லை, ஈரத்துக்கு மரத்தைப்போல் உப்புவதும் இல்லை. கீழக்கரைத் தம்பியின் அண்ணனுக்கும் இதையே சொல்லலாம்.

கேள்வி (இராமநாதபுரம், கல்லூரி மாணவி): ஐயா, பழைய கியூ ஒன்றை வாங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் ஜாயிண்டில் 'டிக்' என்று ஓசை வருகிறது. எஃகுக்குப் பதிலாக வேறு பொருள் போட்டால் சரியாகுமா?

பதில்: பொருளை மாற்ற அவசரப்பட வேண்டாம், தங்கையே. முதலில் இரண்டு முகங்களும் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். முடுக்கிய ஜாயிண்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுழற்றினால், எங்காவது மயிரிழை வெளிச்சம் கசிகிறதா என்பது தெரியும். அடுத்து, பட் (கியூவின் பின்துண்டு) பக்கத்து முகத்தில் மட்டும் ஸ்கெட்ச் பேனா மையைப் பூசி, அது காய்வதற்குள் முடுக்கித் திறந்து பாருங்கள். எதிர்முகத்தில் முழு வட்டமாக மை படிந்திருந்தால் முகம் சரி. பாதி வட்டம் மட்டும் பிறைபோல் படிந்திருந்தால் முகம் சாய்ந்திருக்கிறது. லேத்தில் மிக மெல்லிதாக ஒரு சீவு சீவினால் தீர்ந்துவிடும். முகம் சரியாக இருந்தும் ஓசை வந்தால், ஷாஃப்டுக்குள் இருக்கும் பித்தளை மரைக்குழாயின் ஒட்டு விட்டிருக்கலாம், அல்லது டிப்புக்கு அடியிலுள்ள ஃபெரூல் என்னும் குப்பி தளர்ந்திருக்கலாம், ஏன், பட்டுக்குள் இருக்கும் எடைத் திருகாணிகூட ஆடிக்கொண்டிருக்கலாம். அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது என்று காதால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் கியூ முழுவதுமே ஓசையைக் கடத்துகிறது.

கேள்வி (பெரியபட்டினம்): யானைத் தந்த ஜாயிண்ட்தான் எல்லாவற்றிலும் உயர்வு என்கிறார்களே? அது கிடைக்காவிட்டால் நம் கடல் சங்கைக் கடைந்து போட முடியுமா?

பதில்: தந்தத்தை மறந்துவிடுங்கள். பன்னாட்டு வணிகத் தடை 1989-இல் முடிவானது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் தந்த வணிகத்துக்கு இடமே வைக்கவில்லை. உலர்ந்த காற்றில் வெடிக்கும் பொருளும்கூட. சங்கு கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. வங்காளத்து வளையல்களுக்கு நம் கரைச் சங்கு போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது சுண்ணாம்புப் பொருள், கீழே விழுந்தால் தெறிக்கும். பட்டில் அழகுக்குப் பதிக்கலாம், பாரம் தாங்கும் முகத்தில் வைக்கக் கூடாது.

கேள்வி (ஏர்வாடி): கார்பன் ஷாஃப்ட் மட்டும் தனியாக வாங்க நினைக்கிறேன். என் பழைய பட்டில் ஏறுமா?

பதில்: மரை ஒத்துப்போனால் ஏறும். 5/16-இல் 14 மரையும் 18 மரையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும், ஒன்றில் மற்றது ஏறாது; பலவந்தமாக முடுக்கினால் இரண்டும் போச்சு. 3/8-இல் 10 மரை, ரேடியல், யூனி-லாக் என்று வேறு வகைகளும் இருக்கின்றன. திருகாணியின் மேல் அளவுகோலை வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணி, அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். எஃகு ஜாயிண்டில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: ஷாஃப்டின் பித்தளைக் குழாய் சற்று வெளியே நீண்டு காலருக்குள் அமரும் வகை, இரு முகமும் தட்டையாகச் சேரும் வகை என்று இரண்டு உண்டு. மரை ஒத்தும் இது மாறிப்போனால் முகங்கள் சேராது.

கேள்வி (தேவிபட்டினம்): மலிவான கியூ ஒன்றில் அலுமினியத் திருகாணி பித்தளைக்குள் இறுகிவிட்டது. கழற்றவே முடியவில்லை.

பதில்: உப்பு ஈரத்தில் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெண்பொடி பூத்து அடைத்துக்கொள்ளும். குறடு, பைப் ரெஞ்ச் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு பக்கமும் சுற்றி, ஜாயிண்டை ஒட்டியே பிடித்து, ஆளுக்கொரு பக்கமாக இருவர் திருகுங்கள். அசையாவிட்டால் அப்படியே பட்டறைக்கு எடுத்து வாருங்கள். லேத்தில் பிடித்துப் பார்க்கலாம்.